தேர்தலுக்கு மறுநாள் யார் கேள்வி கேட்பது? குடிமைச் சமூகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

2004 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு ஜகார்த்தாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பிய கருடா விமானம், வழியில் நம் சாங்கி விமான நிலையத்தில் நின்றுவிட்டுப் போனது. அதில் முனிர் சயீத் தாலிப் என்ற 38 வயது இந்தோனேசிய வழக்கறிஞர் இருந்தார். நெதர்லாந்தில் மேற்படிப்புக்காகப் போய்க்கொண்டிருந்தார். சாங்கியிலிருந்து மேலேறிய பிறகு அவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாகின, ஆம்ஸ்டர்டாமில் இறங்கச் சுமார் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வானத்தில் உயிர் பிரிந்தது. உடற்கூறு பரிசோதனை செய்த நெதர்லாந்து மருத்துவர்கள் கண்டுபிடித்தது ஆர்செனிக் நஞ்சு.

முனிர் யார்? இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் சர்வாதிகார ஆட்சியின் கடைசி நாள்களில் கடத்தப்பட்டுக் காணாமல் போன இளைஞர்களைப் பற்றி ராணுவத்திடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். அதற்காகவே 1998இல் 'கோன்ட்ராஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். கட்சிக்காரர் கிடையாது, எந்தப் பதவிக்கும் போட்டியிட்டவர் கிடையாது. அவர் இறந்த வழக்கில் கருடா விமானி ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. உளவுத்துறையின் முன்னாள் துணைத் தலைவர் மீது தொடரப்பட்ட வழக்கில் 2008 கடைசியில் விடுதலை என்று தீர்ப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. முனிர் இறந்த 2004இல்தான் இந்தோனேசிய மக்கள் முதன்முறையாகத் தங்கள் அதிபரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் சுற்று ஜூலை 5, இரண்டாம் சுற்று செப்டம்பர் 20. இரண்டுக்கும் நடுவில்தான் முனிர் இறக்கிறார். கோடிக்கணக்கானோர் வரிசையில் நின்று அமைதியாக வாக்களித்த அதே நாட்டில், அதே வாரங்களில், கேள்வி கேட்ட ஒருவரை விமானப் பயணத்தில் நஞ்சு வைத்துக் கொல்ல முடிந்திருக்கிறது. தேர்தல் இருந்தால் ஜனநாயகம் வந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தகவலை நான் எப்போதும் சொல்வதுண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அரசாங்கமும் இல்லாமல், லாபம் தேடும் நிறுவனமும் இல்லாமல், குடும்பத்துக்கு வெளியே மக்கள் தாங்களாகச் சேர்ந்து நடத்தும் எல்லாவற்றையும் சேர்த்துக் குடிமைச் சமூகம் என்கிறார்கள். தொழிற்சங்கம், வழக்கறிஞர் சங்கம், மாதர் சங்கம், கோயில் அன்னதானக் குழு, ஆற்றைக் காப்பாற்றக் கூடிய ஊர்க்காரர்கள், தேர்தலைக் கண்காணிக்கும் தன்னார்வலர்கள், காணாமல் போன பிள்ளையின் படத்தை ஏந்திச் சாலையோரம் உட்காரும் தாய்மார்கள் எல்லோரும் இதில் அடக்கம். எல்லோருமே அரசியல் பேசுபவர்கள் என்று இல்லை. ஆனால் பேச வேண்டிய நேரம் வரும்போது, ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து பழகியவர்களால்தான் பேச முடிகிறது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது புதிய சரக்கு இல்லை. 1930களில் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் இருந்தது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார், பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று சாதாரணத் தொழிலாளர்களிடம்கூட நிதி திரட்டினார். யாரும் உத்தரவு போட்டு நடந்த வேலைகள் இல்லை அவை. இன்றைக்கு தேக்கா வட்டாரத்தில், வேலையிடத்தில் அடிபட்டும் சம்பளம் கிடைக்காமலும் தவிக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 என்ற அமைப்பு 2008 முதல் இலவச உணவு கொடுக்கிறது, கூடவே அவர்கள் வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்றும் கேட்டு உதவுகிறது. பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததே, அதற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட அமைப்புகள் பல வருடம் எழுதி, பேசி, மனுக் கொடுத்த கதை உண்டு. நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேலை செய்யும் அக்கா ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறார் என்றால், அதில் யாரோ சில தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

குடிமைச் சமூகத்தின் தேவை அதிகம் தெரிவது வளரும் ஜனநாயகங்களில். அவை எவை? நீண்ட காலம் சர்வாதிகாரமோ ராணுவ ஆட்சியோ அந்நியர் ஆட்சியோ இருந்து, சமீப காலத்தில் தேர்தல் முறைக்கு வந்த நாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பக்கத்திலேயே திமோர் லெஸ்தே இருக்கிறது. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவிலிருந்து பிரிய வாக்களித்தார்கள், 2002இல் சுதந்திர நாடானது, 2025 அக்டோபரில் ஆசியானின் 11ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. இப்படிப்பட்ட நாடுகளில் தலைவர் மாறியிருப்பார், ஆனால் காவல்துறையும் நீதிமன்றமும் அலுவலகங்களும் பெரும்பாலும் பழைய பழக்கத்திலேயே ஓடும். நாடாளுமன்றம் இன்னும் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கும். பத்திரிகைகளோ நாலைந்து பணக்காரர்கள் கையில் இருக்கும். அப்புறம், வாக்கு வாங்கி வந்தவருக்கு ஓர் எண்ணம் சுலபமாக வந்துவிடும்: மக்கள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், இனி என்னைக் கேள்வி கேட்பவர் மக்களைக் கேள்வி கேட்கிறார். இந்த இடத்தில்தான் குடிமைச் சமூகம் தேவைப்படுகிறது, இந்த இடத்தில்தான் அது ஆபத்திலும் இருக்கிறது.

அது செய்யும் வேலைகளில் வெளியே அதிகம் தெரிவது வாக்கு எண்ணிக்கையைக் காப்பது. 1986 பிப்ரவரியில் பிலிப்பீன்சில் அதிபர் மார்க்கோஸ் அவசரத் தேர்தல் நடத்தியபோது, நாம்ஃபிரல் என்ற குடிமக்கள் அமைப்பு லட்சக்கணக்கான தன்னார்வலர்களை வைத்துத் தனியாக ஒரு கணக்கு எடுத்தது. வாக்குப்பெட்டிகளைக் கன்னியாஸ்திரிகள் கைகோத்து நின்று காத்தார்கள். தேர்தல் ஆணையத்தின் கணினிப் பிரிவில் இருந்தவர்கள், தாங்கள் பதிவு செய்த எண் ஒன்றும் பலகையில் தெரியும் எண் வேறொன்றுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மார்க்கோஸ் நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இரண்டு தேர்தல்களுக்கு நடுவே நடக்கும் வேலை. இந்தியாவை வளரும் ஜனநாயகம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ராஜஸ்தானில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே தேவ்துங்ரி என்ற சிற்றூரில் 1990இல் தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐஏஎஸ் வேலையை உதறிவிட்டு வந்த, சென்னையில் பிறந்த அருணா ராய் அதில் ஒருவர். வறட்சி நிவாரண வேலை பார்த்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கைக்கு வரவில்லை. கேட்டால், நீ வேலையே செய்யவில்லை, வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில். பதிவேட்டைக் காட்டு என்றால் அது அரசாங்க ரகசியமாம்! அவர்கள் அந்தப் பதிவேடுகளையும் ரசீதுகளையும் எப்படியோ வாங்கி, 1994 கடைசியிலிருந்து ஊர் ஊராகப் பந்தல் போட்டு, ஊரார் முன்னால் சத்தமாகப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு எல்லாம் அங்கேயே அம்பலமாயிற்று. 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் முழக்கம். 1997இல் தகவல் உரிமைக்கென முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் ஏராளம், ஆனாலும் முதல் அடி அது. 2005இல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இன்றைக்குத் தஞ்சாவூரில் இருக்கும் நம் மாமா ஒருவர் பத்து ரூபாய் கட்டணத்தில் தன் ஊர்ச் சாலைக்கு எவ்வளவு செலவானது என்று எழுதிக் கேட்க முடிகிறது என்றால், அது கூலி கிடைக்காத தொழிலாளிகளிடம் தொடங்கிய உரிமை. எந்தக் கட்சியும் இதைத் தானாகத் தந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் ஆளுங்கட்சிக்கும் அது தொல்லை, நாளைக்கு ஆளப்போகும் கட்சிக்கும் தொல்லை.

மூன்றாவதாக ஒரு வேலை உண்டு, அரிதாக நடப்பது. சண்டை போடும் கட்சிகளை ஒரே மேசையில் உட்கார வைப்பது. துனீசியாவில் 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடிப்போனார், அக்டோபரில் நேர்மையான தேர்தல் நடந்தது, எல்லாம் நன்றாகப் போவதுபோல இருந்தது. 2013இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அரசியலமைப்பு எழுதும் வேலை நின்றது, நாடே இரண்டாகப் பிளந்து தெருவில் நின்றது. அப்போது நான்கு அமைப்புகள் நடுவில் புகுந்தன: தொழிலாளர் சம்மேளனம், முதலாளிகளின் சம்மேளனம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம். தொழிலாளியும் முதலாளியும் வழக்கமாக எதிரெதிரே உட்காருபவர்கள், அவர்களே ஒன்றாக வந்து கட்சிகளைப் பேச வைத்ததால் 2014 ஜனவரியில் புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. 2015இல் அந்த நால்வர் குழுவுக்கு நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள்.

அத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். 2021 ஜூலை 25இல், தேர்தலில் வென்று வந்த அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். அடுத்த வருடம் பொய்ச் செய்தியைத் தடுக்க என்று சொல்லி 54ஆம் எண் ஆணை வந்தது, அதை வைத்துப் பத்திரிகையாளர்களையும் வழக்கறிஞர்களையும் பிடித்து உள்ளே போட்டார்கள். நோபல் வாங்கிய நாட்டுக்கே ஆறு வருடத்தில் இந்த நிலைமை. வேலை வாய்ப்பு இல்லாமல், விலைவாசி தாங்காமல் சலித்துப்போன மக்களில் பலர் அதிபர் செய்ததை முதலில் கைதட்டி வரவேற்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சங்கங்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்றால், அந்தச் சங்கங்களால் தங்களுக்கு என்ன நன்மை என்று சாதாரணக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாதபோது சட்டம் மட்டும் காப்பாற்றாது.

இப்போது, இவர்களை எப்படி ஒடுக்குகிறார்கள் என்று பார்ப்போம். முனிருக்கு நடந்ததுபோலக் கொலை எல்லா இடத்திலும் நடப்பதில்லை. இப்போதெல்லாம் காகித வேலையே போதும். செடியை வெட்ட வேண்டாம், தண்ணீரை நிறுத்தினால் தானாக வாடிவிடும் என்ற கணக்கு. எத்தியோப்பியாவில் 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள்: வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்பு மனித உரிமை, பெண்ணுரிமை, குழந்தைகள் உரிமை போன்ற விஷயங்களில் வேலை செய்யக் கூடாது. படிப்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் அந்த நாட்டில் உள்ளூரில் நன்கொடை கொடுக்க வசதியுள்ளவர்கள் குறைவு, வசதியுள்ளவர்களும் அரசாங்கத்துக்குப் பயந்து கொடுக்க மாட்டார்கள். அடிபட்ட பெண்களுக்கு இலவசமாக வாதாடிய பெண் வழக்கறிஞர் சங்கத்தின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். ஒருவரையும் சிறையில் போடாமலேயே பல அமைப்புகள் காணாமல் போயின. ஆட்சி மாறிய பிறகு 2019இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள்.

ரஷ்யா 2012இல் வேறொரு வழியைக் காட்டியது. வெளிநாட்டுப் பணம் வாங்கி, அரசியல் என்று அரசு கருதும் வேலையைச் செய்யும் அமைப்புகள் தங்களை வெளிநாட்டு முகவர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது அந்த ஆண்டுச் சட்டம். ஜார்ஜியாவில் 2024இல் இதைப் போன்ற சட்டம் வந்தபோது தலைநகர் திபிலீசியில் வாரக்கணக்கில் மக்கள் தெருவில் இறங்கினார்கள், அப்படியும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிவிட்டது. பதிவுக்கு விண்ணப்பித்தால் பதிலே வராமல் இழுத்தடிப்பது, திடீர் வரிச் சோதனை, கூட்டத்துக்கு மண்டபம் கொடுக்காதே என்று மண்டபக்காரரிடம் சொல்லி வைப்பது, அவதூறு வழக்குப் போட்டு வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய விடுவது என்று இன்னும் நிறைய இருக்கின்றன. இவற்றில் எதையும் தனியாகப் பார்த்தால் பெரிய அநியாயமாகத் தெரியாது. அதுதான் இதில் உள்ள பயங்கரம்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி அரசாங்கங்களுக்கு இருக்கும் சந்தேகம் முழுக்கக் கற்பனை என்றும் நான் சொல்ல மாட்டேன். வல்லரசுகள் தங்களுக்கு வேண்டியவரை ஆட்சியில் அமர்த்தப் பணம் இறைத்த வரலாறு தென்கிழக்காசியாவிலேயே உண்டு. சிங்கப்பூரிலும் அரசியல் அமைப்புகள் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, 2021இல் வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. கேள்வி என்னவென்றால், கணக்கை வெளிப்படையாகக் காட்டு என்று கேட்பது ஒன்று, வாயை மூடு என்று சொல்வது வேறு. கணக்குக் காட்டச் சொல்லும் சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதிகாரியின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக வழி இருக்க வேண்டும், அபராதம் அமைப்பையே அழிக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

சங்கம் தொடங்கும் விதியும் இதே மாதிரிதான். துனீசியாவில் 2011இல் சங்கம் தொடங்க அனுமதி வாங்க வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும் என்று மாற்றினார்கள், அதன்பின் ஆயிரக்கணக்கில் சங்கங்கள் முளைத்தன. நம் ஊரில் 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு தேவை. சாதாரணப் பொழுதுபோக்குச் சங்கங்களுக்கு அது எளிது, அரசியல், சமயம், மனித உரிமை போன்றவற்றுக்கு விரிவான பரிசீலனை உண்டு.

பாதுகாப்பு என்று பேசும்போது ஐநாவின் பெயர் வரும். ஒன்றுகூடும் உரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையின் 21, 22ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. மனித உரிமைக்காக வேலை செய்பவர்களைப் பற்றிய பிரகடனத்தை ஐநா பொதுச்சபை 1998 டிசம்பரில் ஏற்றது. இவை நேரடியாக யாரையும் காப்பாற்றாது. ஆனால் ஒருவர் கைதாகும்போது வெளியே இருப்பவர்கள் எந்த அடிப்படையில் கேட்கலாம் என்பதற்குப் பிடிமானம் தரும். வெளிநாட்டு நிதி உதவியை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2025 காட்டிவிட்டது. அமெரிக்கா ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்து, பிறகு யூஎஸ்எய்ட் நிறுவனத்தையே மூடியபோது, தேர்தல் கண்காணிப்பு, சுயேச்சை ஊடகம், சட்ட உதவி என்று பல நாடுகளில் நடந்த வேலைகள் பாதியில் நின்றன. ராஜஸ்தான்காரர்களைப் பாருங்கள், அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சிறுசிறு நன்கொடைகளில்தான் ஓட்டினார்கள். மெதுவாகத்தான் வளர்ந்தார்கள், ஆனால் வெளிநாட்டில் யாரோ எடுக்கும் முடிவு அவர்கள் அடுப்பை அணைக்க முடியவில்லை.

மலேசியாவையும் சொல்ல வேண்டும், பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. பெர்சே அமைப்பு 2007 நவம்பரில் தூய்மையான தேர்தல் வேண்டும் என்று முதல் பெரிய பேரணி நடத்தியது. அதே மாதம் 25ஆம் தேதி, மலேசிய இந்தியர்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த இண்ட்ராஃப் அமைப்பின் பேரணியில் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூர் வீதிக்கு வந்தார்கள், கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பார்த்தார்கள். 2018 மே 9 தேர்தல் ஒரு புதன்கிழமையில் வைக்கப்பட்டது, சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்களுக்கு அப்போது அஞ்சல் வாக்கு கிடையாது. என்ன செய்தார்கள்? லீவு எடுத்தார்கள், கார் இல்லாதவர்களை முன்பின் தெரியாதவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள், பயணச் செலவுக்கு இணையத்தில் பணம் திரட்டினார்கள். சுதந்திரம் அடைந்ததிலிருந்து ஆண்ட கூட்டணி அன்றைக்குத் தோற்றது. 2019இல் வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது, அதற்குப் பின்னால் இருந்தது உண்டி18 என்ற மாணவர் இயக்கம். 2018இல் வந்த அந்தப் புதிய அரசாங்கம் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை என்பது உண்மைதான். வாக்குரிமை பெற்ற அந்தப் பதினெட்டு வயதுக்காரர்கள் அதோடு போய்விடவில்லையே.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் சதுக்கம் 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, ஆனால் அங்கே நடக்கும் கூட்டங்களில் கலந்துகொள்ள அனுமதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வேலை அனுமதியில் இருக்கும் தம்பி ஆர்வத்தில் போய் நின்று சிக்கலில் மாட்ட வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்யலாம், ஆனால் வாக்களிக்க ஊருக்கு நேரில் போக வேண்டும். பெனின்சுலா பிளாசாவுக்குப் போய் மியன்மார்க்காரர்களின் கடையில் சாப்பிட்டுவிட்டு, பேச விருப்பமுள்ளவரிடம், ராணுவம் அங்கே ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1க்கு முன்னும் பின்னும் அவர் ஊரில் எந்தெந்தச் சங்கங்கள் இருந்தன, இப்போது எவை இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், ஊரில் குடும்பம் இருக்கும். உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கணக்கறிக்கையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, புரியாத வரியைப் பற்றிச் செயலாளரிடம் எழுந்து கேளுங்கள்.